ஆறு நாற்பதுக்கு இரண்டு டிக்கெட்

பல் டாக்டர் அன்று காலை கிளினிக் கதவில் 'இன்று விடுமுறை' அட்டையைத் தொங்கவிட்டபோது, தன் பல்லையே யாரோ பிடுங்கப் போகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

காரணம், முந்தாநாள் சமையலறையில் அம்மா தூக்கிப் போட்ட குண்டு. குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மகளின் காதருகே வந்து சொன்னாளே, அதுதான்.

"நான் உங்கப்பாவோட திரும்பிப் போகப் போறதில்ல. இனிமே உன்கூடத்தான். நீயே அவர்கிட்ட பக்குவமா சொல்லிடு."

சொல்லிவிட்டுக் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மாவைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

இரண்டு நாளுக்கென்று மகளைப் பார்க்க வந்தவர்கள். இன்று மாலை ஆறு நாற்பது ரயிலுக்கு அப்பாவிடம் இரண்டு டிக்கெட் இருக்கிறது, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள், நான்காக மடித்து. அந்த வண்டி கிளம்புவதற்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும். வலிக்காமல் பல் எடுக்கிறவள் என்று அந்தக் கடற்கரை நகரத்தில் பெயர் வாங்கியவளுக்கு, இந்த ஒரு வாக்கியத்தை வெளியே எடுக்க இரண்டு நாளாக முடியவில்லை.

அண்ணனுக்கு நேற்றே போன் போட்டாயிற்று.

"நீ சொன்னா கேப்பாருடி. நீதான் செல்லப் பொண்ணு" என்றான் அவன். நல்லது கெட்டது எதிலும் பெரியவன் என்ற முறையில் முதல் தாம்பாளம் அவனுக்குத்தான். சங்கடம் என்று ஒன்று வந்துவிட்டால் மட்டும் இவள் செல்லப் பெண்.

அப்பா மோசமான மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் சிக்கலே. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, பொய் அறவே கிடையாது. முப்பத்து நான்கு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஊர்க் கடைக்காரர்கள் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே தராசைத் துடைப்பார்கள். தெருவில் 'தராசு சார்' என்று பெயர். ஓய்வு பெற்று நான்கு வருஷமாகிறது. சோதனை போடக் கடைகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. மிச்சம் இருந்தது வீடு ஒன்றுதான்.

தேயிலைக்கு ஒரு கரண்டி, சர்க்கரைக்கு ஒரு கரண்டி, சோப்புத் தூளுக்கு ஒரு கரண்டி. அம்மா பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவரை பகலெல்லாம் தப்பித்தாள். போன வருஷம் அவளும் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்ததும் வந்தது வினை. அவளுடைய வெள்ளை வண்ண டியூபை ஒருநாள் அப்பா எடை போட்டு வைத்தார். மறுநாள் மறுபடியும் போட்டார்.

"ஒரே நாள்ல பதினெட்டு கிராம் வெள்ளையா டீச்சர்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

அம்மா முடிவெடுத்தது அந்த நிமிஷத்தில். பெட்டி கட்டியது இந்தப் பயணத்துக்கு. வந்து இறங்கிய அன்று அந்தப் பெட்டியை அப்பாதான் மாடிக்குத் தூக்கி வந்தார். பாதிப் படியில் நின்று வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். வயசாகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

அம்மாவுக்காகக் கடல் தெரிகிற அறையைக் காலி பண்ணிப் புதுத் திரை போட்டு, அலமாரிச் சாவியையும் அவள் கையில் கொடுத்தாயிற்று. பூனைக்கு மணி கட்டுவது மட்டும்தான் பாக்கி.

அதற்கும் ஒரு திட்டம் வைத்திருந்தாள். இன்று பூராவும் நிதானமாக ஓவியக் கூடம், மியூசியம் என்று சுற்றுவது. அந்த மாதிரி இடங்களில் யாரும் சத்தம் போட முடியாது. அப்பா மனசு இளகியிருக்கிற நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம்.

"கிளம்பலாமா?" என்று வாசலில் அவள் பையை எடுத்து நீட்டிய அப்பா, நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். "இந்தப் பை மூணு கிலோ இருக்கும்மா. தினமும் இதைத் தோள்ல மாட்டினா முதுகு என்னத்துக்காகும்?"

"கொடுங்கப்பா."

"மூணு கிலோ நூறு" என்றார் அப்பா, மனசாட்சிக்கு விரோதமில்லாமல்.

அம்மா மகளைப் பார்த்தாள். 'பார்த்தியா' என்று அர்த்தம்.

*

முதல் ஓவியக் கூடம் பழைய சுங்க அலுவலகக் கட்டடத்தில் இருந்தது. உயரமான ஜன்னல்கள், மரத் தரை, நடந்தால் கிறீச்சென்று ஒரு சத்தம். அம்மா உள்ளே போனதும் ஒரு பெரிய கடல் படத்துக்கு முன்னால் நின்றாள். நின்றவள் நின்றவள்தான். அலை உடைகிற இடத்தில் ஒரே ஒரு வெள்ளைத் தீற்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அம்மா முகம் இப்படி இறுக்கம் தளர்ந்து அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

சரி, இதுதான் சமயம் என்று அப்பாவைத் தேடினாள்.

அப்பா அடுத்த சுவரில் சட்டைப் பையிலிருந்து இரும்பு டேப்பை இழுத்து ஒரு படத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். காவலாளி ஓடி வந்துகொண்டிருந்தார்.

"சார், தொடக் கூடாது சார்!"

"எங்க தொட்டேன்? ஒரு விரல் தள்ளித்தான் பிடிச்சிருக்கேன். அட்டையில தொண்ணூறு சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. நீங்களே பாருங்க. எண்பத்தெட்டரை."

"அதுக்கு நான் என்ன சார் பண்றது?"

"புகார்ப் புத்தகம் கொண்டு வாங்க."

காவலாளி இவளைப் பார்த்தார். இவள் கூரையைப் பார்த்தாள். இருபது நிமிஷம் புகார் எழுதினார் அப்பா, முத்து முத்தான எழுத்தில், வரிசை எண் போட்டு. ஏழு படங்களில் நான்கில் அளவு தப்பாம். அந்த இருபது நிமிஷமும் அம்மா கடலைப் பார்த்தாள் என்று நினைத்தால் அதுவும் இல்லை. கிறீச் கிறீச்சென்று அப்பா நடக்கிற சத்தத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பல் டாக்டருக்கு அது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"சொல்லிட்டியா?" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"எப்படிம்மா சொல்றது? புகார் எழுதறாரு!"

"கல்யாணமான நாளா, முப்பத்தாறு வருஷமா எழுதறாரு. நீ அது முடியட்டும்னு காத்திருந்தா என் ஆயுசே முடிஞ்சிடும்."

இரண்டாவது கூடம் ஒரு கடைத்தெருவின் மாடியில். புது மாதிரி ஓவியங்கள். நடு அறையில் சுவர் அடைக்க ஒரு வெள்ளைத் துணி, அதன் மேல் முழுக்க வெள்ளை வண்ணம், வேறு ஒன்றுமே இல்லை. அம்மா கிட்டே போய், பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, அந்த வெள்ளைக்குள் தூரிகை போன தடங்களைத் தொடர்ந்து பார்த்தாள். "பாருடி, இது சும்மா வெள்ளை இல்ல. அஞ்சு வெள்ளை இருக்கு" என்றாள் மெதுவாக.

அப்பா பின்னால் வந்து நின்றார். படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

'வேண்டாம்ப்பா' என்று மகள் மனசுக்குள் கும்பிட்டாள்.

"இதுக்கு எத்தனை கிலோ வெள்ளை ஆகியிருக்கும் டீச்சர்?"

அம்மா விடுவிடென்று படி இறங்கிப் போய்விட்டாள்.

"நான் தப்பா ஒண்ணும் கேக்கலையே?" என்றார் அப்பா. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் மகளுக்கு அதிகமாக எரிச்சல் மூட்டியது. தெரிந்து செய்கிற மனிதரோடு சண்டை போடலாம். இவரோடு என்ன செய்வது?

*

மதியச் சாப்பாடு கடலோரத்தில் ஒரு சின்ன ஓட்டலில். அம்மா கை கழுவப் போனாள். போகிறபோது மகளின் தோளில் ஒரு குத்து குத்திவிட்டுப் போனாள்.

"அப்பா, ஒரு விஷயம்."

"சொல்லும்மா."

"அம்மா வந்து..."

"அம்மாவுக்கு என்ன?" அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி இவள் முகத்தை நேராகப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து இவள் கண்டதில்லை.

போன் அடித்தது. அண்ணன்.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"இன்னுமா சொல்லல? ஆறு நாப்பதுக்கு வண்டி! என்னடி பண்ணிட்டிருக்க காலையிலேருந்து?"

"அப்பா பக்கத்துலதான் இருக்காரு. போனைக் கொடுக்கவா? நீயே சொல்றியா?"

"ஏய் ஏய், எனக்கு இங்க ஒரு மீட்டிங்..." என்றான் அண்ணன். போன் செத்துப்போனது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவளுக்கு மூன்றாவது பக்கமும் ஒன்று இருந்தது. அவள் திரும்பியபோது அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தட்டில் இருந்த ரொட்டித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிசயமாக, எடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சாப்பிடும்மா. ஆறிடும்" என்றார்.

*

மூன்றாவது இடம் துறைமுக மியூசியம். அங்கே போகாமல் இருந்திருக்கலாம். பழைய கயிறும் நங்கூரமும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். உள் அறையில் தராசுகள் வைத்திருப்பார்கள் என்று யார் கண்டது?

கண்ணாடிப் பெட்டிக்குள் ஆளுயரத்துக்கு ஒரு பித்தளைத் தராசு. 'துறைமுகத்தின் மிகத் துல்லியமான தராசு' என்று கீழே அட்டை. அப்பா அதைப் பார்த்த மாத்திரத்தில் நின்றுவிட்டார். யாரோ தெரிந்தவரை அடித்துப் போட்டிருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது அவர் முகம்.

"அம்மாடி, இங்க வா. தட்டு ரெண்டும் காலி. ஆனா கோல் சாயுது பாரு. வெறும் தராசு எப்படிச் சாயும்?"

"பழசுப்பா. விடுங்க."

"பழசானா சாயணுமா? நான்கூடத்தான் பழசு." அடுத்த பெட்டிக்கு ஓடினார். அங்கே அதே மாதிரி இன்னொரு தராசு, மற்ற பக்கம் சாய்ந்திருந்தது. அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "புரிஞ்சிடுச்சு. யாரு இங்க பொறுப்பு? கூப்பிடுங்க!"

கத்த முடியாத இடம் என்று நம்பிக் கூட்டி வந்தாளே, அந்த அறை முழுக்க அவர் குரல் எதிரொலித்தது. அம்மா ஜன்னல் பக்கம் போய்த் தனக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்பது போல நின்றாள்.

மியூசியம் அதிகாரி வந்தார். நரைத்த தலையும் கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடியுமாக ஒரு பெண்மணி. இன்னொரு புகாருக்கு மன்னிப்புக் கேட்க மகள் தயாரானாள்.

"ரெண்டு தராசையும் கழற்றிச் சுத்தம் பண்ணினீங்களா?" என்றார் அப்பா.

"ஆமாம். போன வருஷம்."

"அப்பத்தான் தட்டு மாறிப் போச்சு. அது அதுக்கு அதனதன் தட்டைப் போட்டாத்தான் முள் நேரா நிக்கும். தட்டுக்கு அடியில நம்பர் அடிச்சிருப்பாங்க, கோல்லயும் அடிச்சிருப்பாங்க. பாருங்க."

அதிகாரி தயங்கினார். பிறகு என்ன தோன்றியதோ, சாவியும் கையுறையும் வரவழைத்துப் பெட்டியைத் திறந்தார். தட்டைத் திருப்பினார். அடியில் பதினொன்று. கோலில் ஏழு. அடுத்த பெட்டியைத் திறந்தார்கள். தட்டில் ஏழு, கோலில் பதினொன்று.

தட்டுகளை மாற்றி மாட்டினார்கள். இரண்டு கோலும் சற்று ஆடின. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் மட்டமாக நின்றன. முள் இரண்டும் நேராக.

அப்பா கைகட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்ணோரம் கசிந்திருந்தது. ஜன்னல் பக்கம் நின்ற அம்மா எப்போது கிட்டே வந்தாள் என்று மகள் கவனிக்கவில்லை.

"கெட்டிக்காரர்தான்" என்றாள் அம்மா அவள் காதில். "நான் இல்லைனு சொல்லவே இல்ல. கெட்டிக்காரரோட நீ குடும்பம் நடத்திப் பாரு, தெரியும்."

அதிகாரி அப்பாவை உள்ளே சேமிப்பறைக்கு அழைத்துப் போனார். அரைமணி ஆயிற்று, முக்கால்மணி ஆயிற்று. மகள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்தாள். நான்கே கால். வந்தவுடன் சொல்லிவிடுவது, இனி நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தாள். கதவு திறந்ததும், "அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தும்விட்டாள்.

"இரும்மா, நான் முதல்ல சொல்றேன்" என்றார் அப்பா. "உள்ள இருநூறு எடைக்கல்லும் தராசும் பேர்கூட இல்லாமக் கிடக்கு. வகை பிரிச்சு எழுதி வைக்க இவங்களுக்கு ஆள் இல்லையாம். நான் ஒத்துக்கிட்டேன். மூணு மாசம்."

பின்னால் நின்ற அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"மூணு மாசமா?" என்றாள் மகள்.

"உன் வீட்லதான் இருப்பேன். அந்தக் கடல் பாக்கற ரூம் போதும். உனக்கும் உதவியா இருக்கும். பல்லை அடைக்கிற பொடிய நீ கண்ணளவாத்தான் போடறே, நேத்தே பாத்தேன்."

அவரிடமிருந்து தப்பிக்க அம்மா வந்து சேர்ந்த ஊரில், அதே வீட்டில், அதே அறையில் அவர்! அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா இஞ்சி தின்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம்தான். அப்புறம் அந்த முகத்தில் என்னவோ நடந்தது. மெல்ல, விடிகிற மாதிரி, அவளுக்கு ஒரு கணக்குப் புரிந்தது.

"அப்போ ஊர்ல நம்ம வீட்ல யாரு இருக்கறது?" என்றாள் அம்மா. "பூட்டியே போட முடியுமா? நான் போறேன். என் டிக்கெட்டைக் கொடுங்க."

அப்பா மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

*

வீட்டுக்கு ஓடி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அம்மா பெட்டி கட்டினாள். உதவிக்குக்கூட யாரையும் விடவில்லை. ஆறு இருபதுக்கு ஸ்டேஷனில் இருந்தார்கள். அப்பா பெட்டியை ஏற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார்.

"அம்மா, என்னம்மா இது? காலையிலேருந்து என் உயிரை வாங்கினியே, இதுக்கா?" மகளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "உனக்காகத் திரையெல்லாம் மாத்தினேன்."

அம்மா ஜன்னல் கம்பி வழியே அவள் கன்னத்தைத் தொட்டாள். "என் வீட்ல நான் தனியா இருந்ததே இல்லடி. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து ஒரு நாள்கூட இல்ல. போய்ப் பாக்கறேன், எப்படி இருக்குன்னு."

வண்டி சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. அப்பா பாட்டிலைக் கொடுத்துவிட்டு நான்கு எட்டு கூடவே நடந்தார். கையசைக்கவில்லை. கடைசிப் பெட்டியும் போன பிறகு திரும்பி வந்தார்.

"பதினாலு கிலோ" என்றார்.

"எதுப்பா?"

"உங்கம்மா பெட்டி. வந்த அன்னைக்கு. ரெண்டு நாளைக்கு வர்றவ பதினாலு கிலோ எதுக்குக் கட்டிட்டு வர்றா? மாடிப்படியில கை மாத்திக்கூடத் தூக்கிப் பாத்தேன். பதினாலுதான்."

மகளுக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்த நொடியே பற்றிக்கொண்டு வந்தது. "தெரியுமா உங்களுக்கு? மூணு நாளாத் தெரியுமா? நான் இன்னைக்குப் பூரா செத்துப் பிழைச்சேனேப்பா! ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"அவளே சொல்லுவான்னு பாத்தேன்" என்றார் அப்பா. "சொல்லல."

"அப்போ அந்த மியூசியம் வேலை?"

"அது நிஜம்தாம்மா. ஆனா அந்தம்மா பத்து நாள்னுதான் கேட்டாங்க." அப்பா காலியான தண்டவாளத்தைப் பார்த்தார். "மூணு மாசம் நான் சொன்னது. யாராவது ஒருத்தர் வீட்டை விட்டுப் போகணும்னா, அது அவளா இருக்க வேண்டாம்னு தோணிச்சு. அவ படம் போடற மேஜை அங்கதானே இருக்கு."

பொய் அறவே கிடையாது என்று பெயர் எடுத்தவர். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு அளவைத் தப்பாகச் சொல்லியிருந்தார். மகளுக்குக் கோபத்தைப் பாதியில் விட மனசு வரவில்லை.

"இன்னொண்ணு" என்றார் அப்பா. "இப்ப வண்டியில ஏத்தினேன் இல்ல, பத்து கிலோதான் இருந்துச்சு. மிச்சம் நாலு கிலோ எங்கம்மா?"

அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பிறகுதான் நினைவு வந்தது. அலமாரிச் சாவியை அம்மா திருப்பித் தரவே இல்லை.

"அலமாரியில வச்சுப் பூட்டி, சாவியைக் கையோட கொண்டு போயிட்டாங்கப்பா."

"பூட்டிட்டா?" அப்பாவின் குரல் தணிந்திருந்தது. "பூட்டிட்டுப் போனா, திரும்ப வருவான்னு அர்த்தமா? இல்ல, நான் திறந்து பாக்கக் கூடாதுன்னு அர்த்தமா?"

"எல்லாத்தையும் என்கிட்டயே கேளுங்க!" என்று வெடித்தாள் மகள். பிளாட்பாரத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா அவள் தோளிலிருந்து அந்த மூணு கிலோ நூறு பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, முன்னால் நடந்தார்.